பிறக்குமுன் முதலீடு

காலேஜ் படிக்கும்போதே வீட்டுமனை முதலீட்டுக்குத் தயாராகுங்கள் என்கிறார்கள் ஆலோசகர்கள். மும்பையின் கோவண்டிக் குடிசைப் பையன்களுக்கு அது காலதாமதம். எஸ்.ஆர்.ஏ. என்னும் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் 300 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்க, 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடிசை இருந்ததற்குக் காகிதம் வேண்டும். 2005-இல் பிறந்தவன் பிறக்கும்போதே ஐந்து வருஷம் லேட். (2011 வரையிலான குடிசைக்கும் உண்டு, காசு கட்டினால்.)

ஆகவே அவனுடைய முதலீடெல்லாம் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில்தான்: ஓரம் கிழிந்த ரேஷன் கார்டு, மை மங்கிய கரண்ட் பில், வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸ். பரீட்சை ஹால் டிக்கெட் தொலைந்தால் வீட்டில் திட்டு. அந்த பில் தொலைந்தால் வீடே இல்லை.

பக்கத்துத் தேவ்னார் குப்பைமேடு 1927-லிருந்தே அங்கே இருக்கிறது. ஆதாரத்தைப் பார்த்துக் கொடுப்பதென்றால் முதல் சாவி அதற்குத்தான்.