ரெட் ஒயின் சித்தப்பா

ரெட் ஒயின் சித்தப்பா பெரும்பாலும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். வங்கி, எல்.ஐ.சி., மின்வாரியம், கல்லூரி என்று ஏதாவது ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். அல்லது ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். மதுரையில் அண்ணாநகர், கே.கே.நகர், எஸ்.எஸ்.காலனி, திருநகர் பகுதிகளில் தெருவுக்கு ஒருவர் வீதம் காணப்படுகிறார். ஒத்தக்கடை, திருமங்கலம் பக்கம் இப்போதுதான் பரவி வருகிறார். பிள்ளைகளில் ஒருவர் கட்டாயம் வெளிநாட்டில் இருப்பார். சர்க்கரை உண்டு, கொஞ்சம் பிரஷரும் உண்டு. என்றோ ஒருநாள் டாக்டர், “பிராந்தியைச் சுத்தமா விட்டுருங்க, ரொம்ப முடியலைன்னா என்னைக்காவது கொஞ்சம் ரெட் ஒயின்” என்று சொல்லியிருப்பார். அந்த வாக்கியத்தில் கடைசி இரண்டு சொற்கள்தான் சித்தப்பாவின் காதில் விழுந்தன.

வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமாகத் தின்கிற பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் ரெட் ஒயினாக இருக்கலாம் என்று 1991-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி சொன்னது. அது அவருக்கு மனப்பாடம். எவ்வளவு குறைந்த மதுவையும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு வீட்டுக்குப் பேப்பர் வரவில்லை.

அவர் தம்மைக் குடிப்பவராகக் கருதுவதில்லை. குடிப்பவர்கள் என்போர் வேறு; மதியம் 12 மணிக்கு ஷட்டர் ஏறும் முன்பே டாஸ்மாக் வாசலில் நிற்பவர்கள் அவர்கள். 1983-ல் தொடங்கப்பட்டு, 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கும் அந்த நிறுவனத்தின் சாதாரணக் கடையில் ஒயினுக்குக் கிடைப்பது அலமாரியில் ஒரு மூலை. அதிலும் இருப்பது பெரும்பாலும் போர்ட் என்று சொல்லப்படும் தித்திப்புச் சரக்கு. ஆகவே சித்தப்பா அதே நிறுவனத்தின் எலைட் கடைக்குத்தான் போவார். ஏசி உண்டு, கையால் எடுத்துப் பார்க்கலாம், தெரிந்தவர் எதிர்ப்பட்டால் அவரும் அதே காரியமாக வந்தவராகவே இருப்பார். போகும்போது ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று, உள்ளே பழைய செய்தித்தாள். திரும்பும்போது பாட்டிலுக்கு மேல் ஒரு கட்டு கீரை.

இந்தப் பழக்கம் மேல்நாட்டு மோகம் என்று யாராவது சொன்னால் புறநானூற்றின் 56-ஆம் பாட்டை எடுப்பார். நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட, உண்டு மகிழ்ந்து வாழ்க என்கிறார். வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே அழகன்குளம் அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. எனவே இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே மதுரைக்கு இறக்குமதி ஒயின் வந்தது என்பதில் சித்தப்பா சொல்வது சரி. பாண்டியன் அதற்கு என்ன சுங்கம் வாங்கினான் என்று புலவர் பாடவில்லை என்பது மட்டும் அவருக்குக் குறை.

இனி தேர்வு முறை. கடையில் முதலில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். பாட்டிலைக் கவிழ்த்து, அடிக்குழிக்குள் கட்டைவிரலை விடுவார். விரல் முதல் கணு வரை போனால் நல்ல ஒயின். அடி வரை போனால் உயர்ந்த ஒயின். பிறகு பாட்டிலைக் கையில் ஏந்தி எடை பார்ப்பார். அடுத்தது லேபிளில் கோட்டை, கொத்தளம் ஏதாவது இருக்கிறதா என்பது. கடைசியாக ‘ரிசர்வ்’ என்ற சொல்லைத் தேடுவார். நான்கும் பொருந்தினால் வாங்கிவிடுவார்; பத்துக்கு நான்கு பொருத்தம்தான் உள்ள ஜாதகம் என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்த நான்கில் முதல் மூன்றுக்கும் உள்ளே இருப்பதோடு சம்பந்தமில்லை. அடிக்குழி கண்ணாடி செய்யும் முறையில் வந்தது. கனத்த பாட்டில் கப்பல் கூலியைத்தான் கூட்டும். ‘ரிசர்வ்’ விஷயத்தில் ஊருக்கு ஊர் வழக்கு வேறு. ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்தில் ‘ரிசர்வா’ என்று போட, சிவப்பு ஒயின் மூன்றாண்டு முதிர்ந்திருக்க வேண்டும். அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் கழிந்திருக்க வேண்டும். ‘கிரான் ரிசர்வா’வுக்கு ஐந்தாண்டு, பீப்பாயில் இரண்டு. இது சட்டம். வேறு பல நாடுகளில் அதே சொல்லுக்கு இப்படிக் கறாரான கணக்குக் கிடையாது, அச்சடிப்பவரின் மனசுதான். ஆகவே ரியோஹா பாட்டிலில் அந்தச் சொல்லுக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். அப்படிச் சட்டம் இல்லாதவற்றில் கொடுப்பது தண்டம்.

பழைய ஒயின் நல்ல ஒயின் என்பது அவரது ஐந்தாவது நம்பிக்கை. ஐந்தில் இதுதான் அதிகச் செலவு வைப்பது. ஆண்டுக்கணக்கில் வைத்தால் மேம்படுவது உலகில் விற்கும் ஒயினில் மிகச் சிறிய பங்கு. ஆயிரம் ரூபாய்ப் பாட்டில் வாங்கிய ஓரிரண்டு ஆண்டுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்பட்டது. சித்தப்பாவோ மகள் பிறந்தநாளுக்கு வாங்கியதை அவள் கல்யாணத்துக்கு என்று பீரோவில் வைத்திருப்பார், பட்டுப்புடவைக்கும் பத்திரத்துக்கும் நடுவில். ஒயின் நிம்மதியாகத் தூங்க 12 முதல் 15 டிகிரி வரை வேண்டும். சித்திரையில் மதுரை பீரோவுக்குள் நிலவும் வெப்பத்தில் ஒயின் முதிர்வதில்லை, வெந்துபோகிறது.

விலையில்தான் சித்தப்பாவின் உண்மையான திறமை வெளிப்பட வேண்டும். ஆபீஸில் கணக்குப் பார்த்தவர். ஆனாலும் அங்கேயும் வழுக்குகிறார். இறக்குமதி ஒயினுக்கு இந்தியாவில் நீண்டகாலமாகச் சுங்கவரி 150 விழுக்காடு. துறைமுகத்தில் 400 ரூபாய் மதிப்புள்ள பாட்டிலுக்கு வரி 600. வாசலைத் தாண்டும்போதே அது 1,000. அதற்குமேல் மாநில வரி, விற்பவர் பங்கு. ஆக இரண்டாயிரம் கொடுத்துப் பிரெஞ்சு ஒயின் வாங்கியதாகச் சித்தப்பா சொல்லும்போது, அவர் வாங்கியதில் பெரும்பகுதி அரசாங்க ரசீது. பிரான்சில் அதைச் சூப்பர் மார்க்கெட்டில் கீழ்த்தட்டில் வைத்திருப்பார்கள்.

அதே ஆயிரத்துக்கு உள்நாட்டுப் பாட்டிலில் அந்தச் சுங்கம் இல்லை. மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் சுலா நிறுவனம் 2000-ல் தன் முதல் ஒயினைக் கொண்டுவந்தது. அங்கே விளையும் ஷிராஸ் திராட்சையின் ஒயின் இன்று நம்பி வாங்கத் தக்கது. சோலாப்பூர் மாவட்டம் அக்லுஜில் ஃபிராட்டெல்லி இத்தாலியக் கொடியான சாஞ்சோவேசேவைப் பயிரிடுகிறது. புளிப்பு தூக்கலான, சாப்பாட்டோடு ஒத்துப்போகும் ஒயின். பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் குரோவர் 1988-ல் தொடங்கி, 1992 முதல் ஒயின் விற்கிறது. அதன் ‘லா ரிசர்வ்’ கபர்னே சாவின்யோனும் ஷிராஸும் கலந்தது. ஐரோப்பாவில் திராட்சை செப்டம்பர், அக்டோபரில் பறிக்கிறார்கள். நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை, குளிர் ஓடும் முன்பே பறித்தாக வேண்டும். சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னால், “நாசிக்கா? அங்கே நோட்டுல்ல அடிப்பாங்க” என்பார்.

வெளிநாடுதான் வேண்டும் என்றால் பிரான்சின் பெயர் பெற்ற போர்தோவை விட்டு வெயில் ஊர்களுக்குப் போவது லாபம். அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் மால்பெக், தென் பிரான்சின் லாங்டாக், ரோன் நதிக் கலவைகள், சிலியின் கார்மெனேர். இந்தக் கார்மெனேருக்கு ஒரு கதை உண்டு. போர்தோவிலிருந்து போன அந்தக் கொடியை சிலியில் நூறாண்டுக்கு மேல் மெர்லோ என்றே நினைத்து, மெர்லோ என்றே விற்றார்கள். 1994-ல் ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் தோட்டத்தில் நின்று கொடியைப் பார்த்து, இது வேறு என்றார். அதுவரை அதைக் குடித்து மெர்லோவின் குணநலன்களை விவரித்த சித்தப்பாக்கள் உலகெங்கும் இருந்திருக்கிறார்கள். மதுரைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவோடு செய்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, இறக்குமதி விலை 5 டாலருக்குக் குறையாத அந்நாட்டு ஒயினுக்குச் சுங்கம் 150-லிருந்து 100 ஆயிற்று. பத்தாண்டில் 50 வரை இறங்கும். ஆஸ்திரேலிய ஷிராஸுக்குப் பெரும்பாலும் திருகுமூடிதான். கார்க் இல்லை என்பதற்காகச் சித்தப்பா அதை மட்டம் என்று ஒதுக்குகிறார். உண்மையில் அவர் வீட்டில் கார்க் திருகியே கிடையாது. ஸ்க்ரூடிரைவரால் கார்க்கை உள்ளே தள்ளி, டீ வடிகட்டியில் வடித்துத்தான் ஊற்றுகிறார்.

வரியே இல்லாத வழி ஒன்று அவருக்கு உண்டு. சிங்கப்பூரிலிருந்து மதுரை விமான நிலையத்தில் வந்திறங்கும் அண்ணன் மகன். வரும் பயணி ஒருவர் 2 லிட்டர் மது வரியின்றிக் கொண்டுவரலாம். முதல் நாள் இரவே போன் போகும்.

“ரெண்டு பாட்டில் வாங்கிட்டேன் சித்தப்பா.”

“நல்லதுப்பா. ஆனா ரெண்டு பாட்டில்னா ஒண்ணரை லிட்டர்தானே ஆகுது? மிச்சம் அரை லிட்டர் வீணாப் போகுதே. 375 மில்லியில சின்னது ஒண்ணு கிடைக்குதான்னு பாரு.”

“என்ன ஒயின் வேணும்?”

“எதுவா இருந்தாலும் சரி. பாட்டில் கனமா இருக்கட்டும்.”

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எங்கோ படித்ததை அவர் விடாமல் பின்பற்றுகிறார். அந்த விதியை எழுதியவர்களின் அறை, கணப்பு மூட்டிய ஐரோப்பியக் கல்வீடு. 16 முதல் 18 டிகிரி. திருநகரில் மே மாத அறை 35-க்குக் குறையாது. அந்தச் சூட்டில் ஒயினில் பழ மணம் போய் ஸ்பிரிட் வாடைதான் மேலே வரும். ஃபிரிட்ஜில் வைத்தால் தீரும் விஷயம். ஃபிரிட்ஜிலோ மாவுப் பாத்திரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் பாட்டிலை வைக்கச் சித்தி விடுவதில்லை.

குடிப்பதற்குச் சாட்சி தேவை. வழக்கமாக மச்சினன். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து, சுழற்றி, மூக்கை நுழைத்து, “செர்ரி வருது... லேசா தோல் வாசனை... கடைசியில சாக்லேட்” என்பார் சித்தப்பா. மச்சினனுக்குப் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனைதான் வரும். “ஆமா மாமா, வருது” என்று சொல்லிவைப்பார். 2001-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கான வர்ணனைகளையே எழுதிக் கொடுத்தார்கள். சித்தப்பா அந்த மாணவர்களுக்குக் குறைந்தவர் அல்லர்.

தொட்டுக்கொள்ள மட்டன் சுக்கா, அல்லது வாங்கிவந்த கறிதோசை. இங்கே விஞ்ஞானம் சித்தப்பாவுக்குப் பாதி சாதகம். ஆட்டுக் கொழுப்பு ஒயினின் துவர்ப்பைத் தணிக்கும். மிளகாயும் மிளகும் அதே துவர்ப்பையும் எரிச்சலையும் ஏற்றிவிடும். மதுரைச் சாப்பாட்டுக்கு ஓக் வாசம் அடிக்கும் கனத்த கபர்னேயைவிடத் துவர்ப்பு குறைந்த, பழச்சுவை மிகுந்த, இளம் ஒயின்தான் பொருந்தும். விலை குறைந்ததும் அதுதான். அயிரை மீன் குழம்புக்கு எந்த ஒயினும் பொருந்தாது. புளி எல்லாவற்றையும் சப்பென்று ஆக்கிவிடும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

மதுரைக்கு அருகில் உள்ள திராட்சை நாடு கம்பம் பள்ளத்தாக்கு. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்று சொல்லப்படும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த வகை உலகெங்கும் தின்பதற்கே அதிகம் விளைகிறது. மணம் அதிகம், துவர்ப்பு குறைவு. அதில் வரும் ஒயின் மென்மையாகவும் தித்திப்பாகவும் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு மதுரை, திண்டுக்கல் பக்கத்து வீடுகளில் ஜாடியில் பட்டை, கிராம்பு சேர்த்து ஊறுவதும் இந்தத் திராட்சைதான். சித்தப்பா அதை ஜூஸ் என்று சொல்லிவிட்டு இரண்டு கிளாஸ் வாங்கிக்கொள்வார். அவர் முழுசாகக் காலி செய்யும் ஒயின் அது ஒன்றுதான்.

மற்றவற்றை மிச்சப்படுத்துவார். திறந்த சிவப்பு ஒயின் மூன்று நான்கு நாளைக்குத்தான் நன்றாக இருக்கும். சித்தப்பா சிக்கனமாக இரண்டு வாரம் ஓட்டுவார். அதற்குள் காடிப் புளிப்பு ஏறியிருக்கும். கால் பாட்டில் மீந்ததைச் சித்தி சின்ன வெங்காயம் ஊறப்போட எடுத்துக்கொள்கிறார். இதுவரை வாங்கியதில் கொடுத்த காசுக்கு உருப்படியாகப் பயன்பட்டது அந்தக் கால் பாட்டில்தான் என்பது சித்தியின் தீர்ப்பு.