அழுவதுக்கும் தெம்பு வேணும்ல

ஏலே பேராண்டி, அந்த செல்போன செத்த அமத்து. முந்தா நாளு ராத்திரியில இருந்து ஒரே சூப்புப் பாட்டு. தொழுவத்துல மாடு அசை போடுறத நிப்பாட்டிட்டு ஒன்னையே பாக்கு. அந்தப் பிள்ளை ஒங்கிட்டப் பேசுறதில்லன்னு ஒங்க அம்ம சொன்னா. வருத்தம் இருக்கும், வேண்டாங்கல. ஆனா அழுவதுக்குக் கூட்டு சேக்கும்போது ஆளப் பாத்துச் சேக்கணும்லா?

2011-ல ‘கொலவெறி’ப் பாட்டத் தனுசு எழுதிப் பாடி, அனிருத்து மெட்டுப் போட்டு, ஊரு ஒலகமே வெறி பிடிச்சி ஆடிச்சே. நீ அப்போ டவுசர் போட்ட பய. பொண்ணு கைவிட்டுட்டான்னு அந்த மனுசன் உருகின அன்னைக்கு அவருக்குக் கல்யாணம் முடிஞ்சி ஏழு வருசம், வீட்டுல ரெண்டு ஆம்பளப் பிள்ளைக. பாடி முடிச்சதும் வீட்டப் பாத்துப் போயிருப்பாரு. நீதான் மொட்ட மாடிய விட்டு எறங்க மாட்டேங்க.

மயக்குற பாட்டு கதையும் இதேதான். 1968-ல ‘பணமா பாசமா’ வந்திச்சி. எல்.ஆர்.ஈஸ்வரி குரல்ல எலந்தப்பழம் வித்ததுக்கு எங்க செட்டு எளவட்டம் பூரா டூரிங் கொட்டகையில விசிலடிச்சோம். ஆடி மாசம் அம்மன் கோயில் கொழாயிலயும் அதே தொண்டதான். அப்போ கன்னத்துல போட்டுக்கிட்டோம். அந்தம்மா ரெண்டையும் சம்பளத்துக்குப் பாடிட்டுப் போயிட்டாக. சபலமும் பக்தியும் எங்க சொந்தச் சரக்கு!

குடிச்சிட்டுப் பொலம்புற பாட்டுக்குத் தனிக் கணக்கு உண்டு. கவர்மெண்டு 1971-ல மதுவிலக்க எடுத்திச்சி, 1974-ல திரும்பவும் போட்டுது. நடுவுல கெடச்ச சந்துல, 1972-ல, ‘வசந்த மாளிகை’யில சிவாஜி கையில கிண்ணத்தோட வந்து நின்னாரு. காதலே இல்லாத பயகூட காதல் தோல்வின்னு சொல்லிக் கடையில போயி நின்னான். 2003-ல இருந்து டாஸ்மாக்கு சில்லற யாவாரமே கவர்மெண்டு கையில. நீ விடுத கண்ணீருல கஜானாவுக்கும் பங்கு இருக்குல.

இதுக்கெல்லாம் மூலவரு ‘தேவதாஸ்’. சரத் சந்திரர் வங்காளத்துல எழுதின கதை, கண்டசாலா பாட்டு. 1953-ல படம் வரும்போது ஊரே மதுவிலக்கு. கள்ளச்சாராயம் வேற கணக்கு, அத விடு. நாகேஸ்வரராவு கண்ணு சொருவி நிக்கதப் பாத்து எங்க அய்யா தலமுற பூரா துண்ட வாயில பொத்திக்கிட்டு அழுதுது. அந்தப் போதக் கண்ணு எப்படி வந்திச்சி தெரியுமா? ராத்திரி நேரமாப் பாத்து, வயிறு முட்டத் தயிரு ஊத்திச் சாப்பிட்டுட்டு நடிச்சாராம். துக்கம் இல்லல, தூக்கம்!

இன்னொண்ணு. அந்தப் பார்வதி நடுராத்திரி துணிஞ்சி வந்து கேட்டா. அப்பனுக்குப் பயந்து நழுவுனவன் தேவதாசு. அப்புறம் ஆயுசு பூரா விதி, மாயம்னு பாட்டு. நீ அந்தப் பிள்ளைகிட்ட என்ன பேசுன? அதச் சொல்ல மாட்டேங்க, ‘சோகம் நூறு’ன்னு பாட்ட மட்டும் வரிசையாப் போடுத.

ஆச்சி சுண்டவத்தக் கொழம்பு வச்சிருக்கா. ஒறஞ்ச தயிரு சட்டியோட இருக்கு. எறங்கி வா. தின்னுட்டு வந்து அழு, நான் கூட உக்காந்து கேக்கேன்.