திருகாணி இயல்: வேடிக்கை பார்ப்போரை முன்வைத்து ஓர் ஆய்வு

ரேடியோ ஹெலிகாப்டர் பறப்பதில் ஆராய ஒன்றுமில்லை. பறக்குமுன் அதன் சொந்தக்காரர் மைதானத்தில் மண்டியிட்டு அதைத் தடவிக்கொண்டிருக்கும் கால் மணி நேரமே ஆய்வுக்குரியது. 1960களின் இறுதியில் ஜெர்மானியர் டீட்டர் ஷ்லூட்டர் இவ்வகை ஹெலிகாப்டரைச் சொன்னபடி கேட்கவைத்த நாள்தொட்டு இத்தடவல் நடந்துவருகிறது. உரை எழுதத்தான் ஆளில்லை. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

‘ரிமோட் முன்னே, பேட்டரி பின்னே, இறங்கிய பின்றைத் தலைகீழ் ஆகும்.’

இது நூற்பா (இயற்றியவர் இவ்வாய்வாளரே). என்றது, ரிமோட்டை ஆன் செய்து, வேகம் கூட்டும் திராட்டில் குச்சி அடியில் கிடப்பதைக் கண்ட பின்னரே ஹெலிகாப்டரில் பேட்டரியைச் செருகுக என்றவாறு. என்னை? சொல்வார் இல்லாத மோட்டார் தன்னிச்சையாகச் சுற்றவும் கூடும் ஆகலான். சுற்றினால் என்ன என்பார்க்கு: 700 மி.மீ. பிளேடு பூட்டிய ரோட்டார் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றினால், பிளேடு நுனி மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வேகத்தில் போகும். எனவே இதைப் பொம்மை என்பார் கூற்று பொருந்தாது.

2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வருமுன் ஒரே சேனலில் இருவர் ரிமோட்டை ஆன் செய்தால் மேலே இருப்பது கீழே வந்துவிடும். இதற்கு மேலைநாட்டுக் கிளப்புகள் கண்ட தீர்வு, துணி காயப்போடும் கிளிப். சேனல் எண் எழுதிய கிளிப் எவரிடமோ, ஆன் செய்யும் உரிமை அவர்க்கே. செங்கோலும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்தது.

முழுதாகச் சார்ஜ் ஏறிய லிப்போ பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் காட்டவேண்டும் என்பதில் தகராறில்லை. தகராறெல்லாம் பிளேடு போல்ட்டில்தான். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பிளேடு தானாகத் தொங்கக்கூடாது. லேசாக உலுக்கினால் அசையவேண்டும். காற்றுக்கு அசையாமல், ஆள் தள்ளினால் நகரும் பழைய கதவின் பதம் அது. அளவுக்கு மீறி இறுக்கினால் பிளேடு சுழற்சியில் தன் நேர்கோட்டுக்கு வராமல் உடம்பையே உதறவைக்கும். தளர்த்தினாலோ, கிளம்பும்போதே மடங்கிப் போய் வாலில் அடிக்கும். இப்பதத்தை அளக்கக் கருவி தேடி அலைந்தவர் உளர், கட்டைவிரல்தான் கருவி.

இனி எடுகோள்: திருகாணியைக் கழற்றுவது அதிர்வு, அதைப் பார்க்கவிடாமல் தடுப்பது பார்வையாளரின் கேள்வி. சான்று வருமாறு. இவ்வாய்வாளர் தம் ஹெலிகாப்டரின் வால் சர்வோ மாற்றிய மறுநாள் காலை, வாலை நிலையாக வைத்திருக்கும் ஜைரோ எந்தப் பக்கம் திருத்துகிறது என்று மூக்கைக் கையால் திருப்பிப் பார்க்கவேண்டிய கட்டத்தில், ஒரு சிறுவன் கேட்டான்: “அங்கிள், இது பறக்குமா, பறக்காதா?” மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பார்க்கவில்லை. தரையை விட்ட கணமே ஹெலிகாப்டர் பம்பரமாய்ச் சுற்றி, புல்லில் சரிந்து, வாலை ஒடித்துக்கொண்டது. ஜைரோ தலைகீழாக அமைந்திருந்தது. பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஆகவே, எங்களில் எவரையேனும் மைதானத்தில் மண்டியிட்ட கோலத்தில் காணும் வாசகர்கள் தயவுகூர்ந்து நன்றாகத் தள்ளி நிற்கவும். கேள்விகளைப் பேட்டரி கழற்றிய பிறகு கேட்கவும்.