வராத விமானத்துக்கு முழுப்பேர்

கொழும்பிலிருந்து லண்டனுக்குச் சுமார் 11 மணி நேரம், அதுவும் இரவோடு இரவாகப் போனால் விமானிகள் இருவர் மட்டும் ஓட்டக்கூடாது. மேலதிக விமானி ஏறுவார், முறைவைத்துத் தூங்குவார்கள். தூக்கத்துக்கும் சம்பளம். நியாயம்தான், ஏறக்குறைய 300 உயிர் அல்லவா!

ஆனால் இரத்தினபுரி இறப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு, அதாவது காலைப் பேர்ப்பதிவுக்கு, ஓடும் பால்வெட்டுக்காரிக்கு மழை பெய்தால் வெட்டில்லை. பால் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கணக்கப்பிள்ளை பிசகமாட்டார்.

விமானக் கணக்கப்பிள்ளைகளோ தாராள மனசுக்காரர்கள். 2013இல் ஶ்ரீலங்கன் விமான சேவை நான்கு எயார்பஸ் ஏ350 வேண்டுமென்றது, 2016இல் வேண்டாமென்றது. ஒருநாள்கூடப் பிரட்டுக்கு வராத விமானங்களுக்காகக் கோடிக்கணக்கான டொலர் நட்டஈடு. அந்த நட்டஈட்டில் தேயிலையும் இறப்பரும் விற்ற டொலர் எவ்வளவென்று கேட்க, இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்கு யாராவது பஸ் ஏறலாம். அன்றைக்குப் பேர் விழாது.