காரையாற்றில் குடில் போட்ட காலம்

ஆடி பிறப்பதற்கு முன்பே எங்கள் ஊரில் பனையேறிகளிடம் ஓலைக்குச் சொல்லிவைத்துவிடுவார்கள். உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுக் கிராமம் எங்களுடையது. காற்றடித்தால் செம்மண் பறக்கும், கிணற்று நீர் உப்புக் கரிக்கும், ஓடுகிற தண்ணீரை ஆண்டுக்கொரு தடவை காரையாற்றில்தான் கண்ணால் பார்ப்போம். ஆடி அமாவாசைக்கு அங்குள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவதென்றால், காலையில் போய் மாலையில் திரும்புவதாக அன்று யாரும் நினைக்க மாட்டார்கள். அமாவாசைக்கு நாட்கள் முன்பே மலையேறி, காட்டுக்குள் ஆற்றங்கரையில் குடில் போட்டு, அங்கேயே சமைத்து, குளித்து, உறங்கி, பூக்குழியும் முடிந்த பிறகுதான் இறங்குவார்கள். நெல்லையும் தூத்துக்குடியும் தென்காசியும் ஒரே மாவட்டமாக இருந்த 1986க்கு முந்தைய காலத்தில் இந்தச் சீமையில் பிள்ளையாக இருந்தவரென்றால், உங்கள் நினைவிலும் அப்படியொரு லாரிப் பயணம் இருக்கும். ஓலைக்கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, மூலையில் கட்டிய நேர்ச்சைக் கிடா கத்தக் கத்த, வயல் பச்சை தென்பட்டதுமே எல்லோரும் ஒரே குரலில் கூவிய அந்தப் பயணம்.

தாத்தா காலத்தில் வண்டி கட்டிப் போனார்கள். எங்கள் காலத்தில் லாரி வந்துவிட்டது. அண்டா, உலைமூடி, அரிசி மூட்டை, கருப்பட்டிச் சிப்பம், பனையோலைப் பெட்டிகளில் மிளகாயும் புளியும், ஆச்சி விடாப்பிடியாக ஏற்றச் சொன்ன சின்ன அம்மி என்று ஒரு வீடே அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். பாபநாசம் தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும். காக்கி உடுப்புக்காரர் எட்டிப் பார்த்து, “எந்த ஊரு அண்ணாச்சி? எத்தன நாளைக்கு?” என்பார். “உடன்குடிப் பக்கம் அண்ணாச்சி. அமாவாச கழிச்சுத்தான் இறங்குவோம்” என்று பெரியப்பா சொல்வார். “தீயப் பாத்துக்கிடுங்க, பிள்ளைகள இருட்டுக்கு முன்ன குடிலுக்குள்ள கூப்பிட்டுக்கிடுங்க” என்பதோடு தடுப்புக் கட்டை மேலே போகும். இடத்துக்கு வாடகை இல்லை, பெயர்ப் பதிவு இல்லை, இன்ன எண் இன்ன குடும்பத்துக்கு என்று யாரும் கோடு போட்டுத் தருவதும் இல்லை. நாங்கள் போய்ப் படுத்துறங்கிய அந்தக் காடு 1962லேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட முண்டந்துறைக் காடு என்பதை எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. புலி இருக்கிறது என்று தெரியும். அய்யனார் காவல் இருக்கிறார் என்பதும் தெரியும்.

குடில் போடுவது பெரியப்பாவின் பொறுப்பு. அவர் இடம் பார்க்கும் விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை தோன்றுகிறது. தண்ணீரை ஒட்டிப் போட விடமாட்டார். மலையில் சாரல் வலுத்து மேலணையில் திறந்துவிட்டால் ஆறு சொல்லாமல் ஏறும். கரையேறி வந்து, முதலில் அண்ணாந்து பார்ப்பார், பட்டுப்போன கிளை தலைக்கு மேல் தொங்குகிறதா என்று. பிறகு குனிந்து பார்ப்பார், பன்றி கிளறிய மண்ணோ யானை நடந்த தடமோ இருக்கிறதா என்று. இருந்தால் அது அவற்றின் வழி, நமக்கு வேறிடம். நான்கு மூலைக்கு நான்கு கழி ஊன்றி, நடுவில் இரண்டு கவைக்கம்பு நட்டு, குறுக்கே ஒரு மூங்கிலைக் கிடத்தி, ஓலைகளை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டுக் கட்டுவார். கட்டுவதற்கான பனைநாரை வந்து இறங்கியதுமே ஆற்றில் ஊறப்போட்டுவிடுவார். ஊறிய நார் காயக் காய இறுகும், எந்தக் காற்றுக்கும் முடிச்சு விடாது. உள்ளே சாண் உயரத்துக்கு ஆற்றுமணல் பரப்பி அதன்மேல் பாய். மழைத்தண்ணீர் புகாமலிருக்கக் குடிலைச் சுற்றிச் சின்ன வாய்க்கால். அடுப்புக்கு மூன்று கல். பொழுது சாய்வதற்குள் எங்களுக்கொரு வீடு எழுந்து நிற்கும்.

அடுத்த குடில் கூப்பிடு தூரத்தில் இருக்கும். அதற்கப்பால் மரங்களுக்கு நடுவே இன்னொரு அடுப்புப் புகை தெரியும். யாரும் யாரையும் நெருக்கிக்கொண்டு இறங்கியதில்லை. திருவைகுண்டத்துக்காரர்கள் குழம்பு கொடுத்தனுப்புவார்கள். நாங்கள் கருப்பட்டி கொடுத்தனுப்புவோம். மயிலாற்றில் வாழும் பழங்குடிகளான காணிக்காரர்கள் கிழங்கும் தேனும் கொண்டுவருவார்கள், ஆச்சி அவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, மேலே மழை எப்படி என்று விசாரிப்பாள். பகலெல்லாம் பிள்ளைகளுக்கு ஆறுதான். பாறை இடுக்கில் துண்டை விரித்துப் பிடித்து மீனுக்குக் காத்திருப்போம். வந்த மீன் நழுவிப் போனாலும் சிரிப்பு, அகப்பட்டு மறுபடி தண்ணீரில் விட்டாலும் சிரிப்பு. காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பொடிமீன்கள் வந்து பாதத்தைக் கொத்தும். உப்புநீரில் குளித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியும், குனிந்து அள்ளி அப்படியே குடிக்கலாம் என்ற அதிசயமும் எத்தனை ஆண்டு போனாலும் பழகவில்லை.

இருட்டிய பிறகுதான் காரையாறு முழுதாக எங்களுடையதாகும். கோயில் பக்கம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வில்லுப்பாட்டு நடக்கும். அந்தணர் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கிற குலத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமனார் வீட்டுத் தொழிலையே தன் தொழிலாக ஏற்று, மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மடிந்த கதையை, அந்தக் காட்டிலேயே, அந்த இருட்டிலேயே உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது கதையாகவே இருக்காது. அந்த முத்துப்பட்டனே தெய்வமாகி நிற்கும் பட்டவராயன் சன்னிதியில் நேர்ச்சையாகத் தொங்கும் தோல் செருப்புகளை மறுநாள் காலையில் போய்ப் பார்ப்போம். அவர் இரவில் போட்டுக்கொண்டு நடப்பதால் அடி தேய்ந்திருக்கும் என்று ஆச்சி சொன்னது உண்மையா என்று குனிந்து பார்க்கும் அந்தச் சிறுவன் மேல் எனக்கு இப்போதும் தனிப் பிரியம் உண்டு. மணிவிழுங்கி மரம் என்று ஒன்று உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் கட்டிய மணிகளை மரப்பட்டை வளர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பாதி வெளியே தெரிந்த ஒரு மணியை நான் ஒவ்வோர் ஆடியிலும் தேடிப் பார்ப்பேன்.

குடிலில் படுத்தால் ஆற்றின் சத்தம் ஒன்று, அதற்கு மேல் பூச்சிகளின் சத்தம் ஒன்று, தூரத்தில் மிளாவின் ஒற்றைக் கத்தல். “ஏலே, மிளா கத்துது, அந்தப் பக்கம் என்னமோ நடமாடுது, பேசாமப் படு” என்று ஆச்சி என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். பயமும் சுகமும் ஒன்றாகக் கலந்த அந்த உறக்கம் பிற்பாடு எந்தக் கட்டிலிலும் எனக்கு வாய்க்கவில்லை. இறங்குகிற நாளில் அடுப்பை நீர் தெளித்து அணைத்து, ஓலையையும் நாரையும் அங்கேயே கிடத்திவிட்டு வருவோம். வடகிழக்கு மழையில் அத்தனையும் மக்கி மண்ணாகும். அடுத்த ஆடியில் இடத்தைப் பார்த்தால் நாங்கள் இருந்ததற்கான அடையாளமே இருக்காது.

1988ல் களக்காடு சரணாலயத்தையும் முண்டந்துறையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். எங்கள் வழக்கம் அதனால் உடனே நிற்கவில்லை. மாறியது வேறு வழியில். சாலை நன்றானது, வேன்கள் பெருகின, கூட்டம் ஆயிரங்களிலிருந்து லட்சங்களுக்கு ஏறியது. கூப்பிடு தூரத்தில் இருந்த குடில்கள் சுவரோடு சுவர் ஒட்டின. பனையேறுகிறவர்கள் குறைந்துபோய் ஓலை கிடைப்பது அரிதானபோது நீலத் தார்ப்பாய் வந்தது. மந்தார இலையும் வாழை இலையும் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பூசிய தட்டு வந்தது. செம்புக் குடத்தின் இடத்துக்குத் தண்ணீர்ப் பாக்கெட் வந்தது. குடிக்கத் தக்க ஆற்றின் கரையில் உட்கார்ந்துகொண்டு பாக்கெட் தண்ணீரைக் கடித்துத் துப்பிக் குடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. பத்துக் குடும்பம் பொறுக்கிய சுள்ளியைக் காடு பொறுத்துக்கொண்டது. ஆயிரம் குடும்பங்களுக்கு விறகும் கழியும் வேண்டுமென்றால் மரம்தான் வெட்டுப்படும். வெட்டுப்பட்டது. திருவிழா முடிந்து ஆற்றங்கரையைப் பார்த்தால் தார்ப்பாய்க் கிழிசலும் பழந்துணியும் சோற்றுத் தட்டுமாக, மிளாவும் மந்தியும் வந்து கிளறும் குப்பைக்காடாகக் கிடந்தது. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்து ஆய்வாளர்கள் இந்தக் கூட்டம் காட்டுக்கு என்ன செய்கிறது என்று ஆராய்ந்து எழுதவேண்டிய நிலை வந்தது அதனால்தான்.

கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. தங்கும் நாட்கள் சுருங்கின. தனியார் வண்டிகளைக் கீழே அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறச் சொன்னார்கள். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையையும் மதுவையும் தேடி எடுக்கிறார்கள். ஆடி அமாவாசையன்று அரச உடையில் வந்து அமர்ந்து மக்களுக்குக் காட்சி தந்த சிங்கம்பட்டி ஜமீன் முருகதாஸ் தீர்த்தபதி அவர்கள் 2020 மே மாதம் மறைந்தார்; அந்த ஆண்டு ஆடியில் கொரோனா கோயில் வாசலையே அடைத்தது.

பிறகு ஓர் ஆடியில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அரசுப் பேருந்தில் போனேன். கூட்டத்துக்கு ஒழுங்கு இருந்தது. கரை என் நடுவயதில் நான் பார்த்ததைவிடத் துப்புரவாக இருந்தது. மருதமரத்துக் கிளையில் மலை அணில் வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருப்பதை அவள்தான் முதலில் பார்த்துக் காட்டினாள். பெரியப்பா குடில் போட்ட இடத்தில் இப்போது நாணலும் புதரும் மண்டி, இளம் மரங்கள் தோளுயரம் வந்திருக்கின்றன. எனக்கு அதில் வருத்தம் இல்லை, மகிழ்ச்சிதான். ஆனால் மணிவிழுங்கி மரத்தடியில் நின்று முத்துப்பட்டன் கதையை நான் தொடங்கும்போதே கடைசிப் பேருந்துக்கு விசில் ஊதிவிட்டார்கள். அந்தக் கதையை இருட்டில், ஆற்றுச் சத்தத்துக்கு நடுவே அல்லவா கேட்கவேண்டும்!

இன்றைக்குக் காட்டுக்குள் போக வேறு வழிகளும் இருக்கின்றன. 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் 23 உயிர்கள் போன பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாயின. 2024ல் தமிழக அரசே 40 மலைப்பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு செய்து, கட்டணம் கட்டி, வழிகாட்டியோடு நடக்க ஏற்பாடு செய்தது. நல்ல ஏற்பாடு. மலைவாழ் இளைஞர்களுக்கு அதில் வேலையும் கிடைக்கிறது. என் மகன் போய்வந்து மகிழ்ந்து பேசினான். ஆனாலும் பனையேறியும் உப்பளத் தொழிலாளியும் பீடி சுற்றும் பெண்ணும் ஆண்டுக்கொரு தடவை, ஒரு காசு வாடகை இல்லாமல், பிள்ளைகுட்டிகளோடு காட்டில் படுத்து எழுந்த உரிமைக்கு அது ஈடாகாது. அவர்கள் கட்டணம் கட்டி மலையேறப் போகிறவர்கள் இல்லை. அந்த இரவுகள் அறவே போய்விட்டால், காடு என்பது அவர்களுக்குப் பேருந்து சன்னலில் ஓடும் பச்சையாக மட்டுமே மிஞ்சும். காட்டைக் காக்கவேண்டும் என்று நாளைக்கு அவர்களிடம் கேட்கும்போது எதை நினைத்துத் தலையசைப்பார்கள்?

ஆகவே கட்டுப்பாடு வேண்டும் என்பதே என் கட்சி. முழுத் தடை வேண்டாம் என்பதும் அதே கட்சிதான். ஊருக்கு இத்தனை குடும்பம் என்று முறைவைத்து, சமையலுக்குக் கீழிருந்தே எரிவாயு கொண்டுவரச் சொல்லி, ஓலைக் குடிலுக்கு மட்டும் இடங்கொடுத்து, அதையும் தள்ளித்தள்ளிப் போடவைத்து, ஓரிரு இரவு தங்க விடலாம். தார்ப்பாய் கொண்டுவருபவரைத் திருப்பி அனுப்பட்டும். ஓலை கட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் கற்றுக்கொள்ளவேண்டும்.

நம் பக்கத்திலும் செய்யவேண்டியது உண்டு. உப்புநீர் குடித்த எங்கள் ஊரில் இன்று குழாயில் வருவது காரையாறு வழியாக இறங்கி வரும் தாமிரபரணித் தண்ணீர். காரையாற்றில் விடுகிற பழந்துணியும் பாபநாசத்தில் கரைக்கிற சோப்பும் நம் வீட்டுக் குடத்தை நோக்கித்தான் வருகின்றன. வருகிற ஆடிக்குப் போகிறவர்கள் செம்போ எவர்சில்வரோ ஒரு குடம் கொண்டுபோங்கள், இலையில் சாப்பிடுங்கள், ஆற்றில் துணியை விடாதீர்கள், கொண்டுபோனதில் மக்காதது எதுவாக இருந்தாலும் கட்டி எடுத்துக்கொண்டே இறங்குங்கள்.