பட்டம் வென்றவருக்கு வழிகாட்டக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
விடியற்காலை அலாரம் வைத்து எழுந்து குத்துச்சண்டை பார்க்கும் ரசிகன்,
சென்னை.

பெறுநர்:
1. தலைவர் அவர்கள், உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் என்கிற டபிள்யூபிசி, மெக்சிகோ சிட்டி.
2. தலைவர் அவர்கள், உலகக் குத்துச்சண்டைச் சங்கம் என்கிற டபிள்யூபிஏ, பனாமா.
3. தலைவர் அவர்கள், சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு என்கிற ஐபிஎஃப், நியூ ஜெர்சி.
4. தலைவர் அவர்கள், உலகக் குத்துச்சண்டை அமைப்பு என்கிற டபிள்யூபிஓ, புவேர்ட்டோ ரிக்கோ.

பொருள்: உலகச் சாம்பியன் பட்டம் வென்ற வீரர் மறுநாள் காலையிலிருந்து என்ன செய்ய வேண்டும் – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் நால்வரின் விதிமுறைப் புத்தகங்கள். 2. அவற்றுக்குத் தாங்களே அவ்வப்போது அளித்த விலக்குகள்.

ஐயா,

நான்கு பேருக்கும் ஒரே கடிதமாக எழுதுவதற்குப் பொறுத்தருள்க. உலகம் ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு எடைக்கு நான்கு உலகச் சாம்பியன்கள் என்பது தங்கள் கணக்கு. தபால் செலவை நான்காகப் பெருக்க எனக்கு வசதி இல்லை.

சண்டை முடிந்ததும் வென்றவர் முன் மைக் நீளும். ஒரு கண் மூடியிருக்கும். மறு கண் மூடப் பார்க்கும். புருவத்தில் அப்பிய வாசலின் இன்னும் வழிந்துகொண்டிருக்கும். கையில் சுற்றிய துணியைக் கத்தரிக்கக்கூட நேரம் இருந்திருக்காது. "அடுத்து என்ன?" என்று கேட்பார்கள். அவர் கடவுளுக்கும் பயிற்சியாளருக்கும் நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு இருக்கப்போகிறேன் என்பார். அப்பாவி! கேள்வி தன்னிடம்தான் கேட்கப்பட்டது என்று நினைத்துவிடுகிறார். தாலி கட்டின கையோடு மாப்பிள்ளையை ஓரமாக அழைத்து, அடுத்த முகூர்த்தத்துக்குப் பெண் பார்த்தாகிவிட்டது என்று சொல்லும் புரோக்கர்கள் நான்கு பேர் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே, வென்றவர் செய்யக்கூடிய காரியங்கள் எவை, எதற்கு என்ன தண்டனை என்று முன்னுதாரணங்களைத் திரட்டியிருக்கிறேன். பிழையிருந்தால் திருத்தியருள்க.

முதலாவது, தோற்றவருக்கு மறுவாய்ப்புத் தருவது. இதைவிடப் பெரிய குற்றம் இல்லை என்று அறிகிறேன். 1964இல் சானி லிஸ்டனை வென்ற முகமது அலி அவருடனேயே மறுபடி மோத ஒப்புக்கொண்டார். டபிள்யூபிஏ தன் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டது. அதைத் திரும்ப வாங்க அலி 1967 வரை காத்திருந்து, எர்னி டெரலை 15 ரவுண்டு அடிக்க வேண்டியிருந்தது. வாங்கிய சூடு ஆறுவதற்குள், ராணுவத்தில் சேர மறுத்தார் என்று மறுபடியும் பிடுங்கினீர்கள்.

1978 பிப்ரவரியில் அதே அலியை லியோன் ஸ்பிங்க்ஸ் வென்றார். தொழில்முறை வீரராக அது அவருக்கு எட்டாவது சண்டை. உலகமே மறுமோதலைக் கேட்டது. ஸ்பிங்க்ஸும் சரி என்றார். டபிள்யூபிசி மட்டும் கென் நார்டனோடு மோதச் சொன்னது. ஸ்பிங்க்ஸ் கேட்கவில்லை என்றதும் பட்டம் நார்டனுக்குப் போனது. அதற்குத் தாங்கள் கையாண்ட முறையை எண்ணி எண்ணி வியக்கிறேன். 1977 நவம்பரில் நார்டன் ஜிம்மி யங்கை வென்றிருந்தார். அந்தச் சண்டை முடிந்து மாதங்கள் ஆன பிறகு, அது உலகப் பட்டச் சண்டைதான் என்று அறிவித்தீர்கள். ரிங்கில் நின்ற இருவருக்குமே அன்றைக்கு அந்தச் சேதி தெரியாது. முன்கூட்டியே பட்டச் சண்டை என்று சொல்லி நடத்திய மூன்றிலும் நார்டன் தோற்றார். சொல்லாமல் நடத்தியதுதான் அவருக்கு ராசியாக இருந்தது.

2015 நவம்பரில் டைசன் ஃபியூரி, பதினோரு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத விளாடிமிர் கிளிச்கோவை ஜெர்மனியிலேயே வைத்து வென்றார். ஒப்பந்தப்படி கிளிச்கோவுக்கு மறுவாய்ப்புத் தர வேண்டும். ஐபிஎஃப் சொன்னதோ வியாச்சஸ்லாவ் கிளாஸ்கோவை. இரண்டு வாரம் ஆவதற்குள் பட்டம் போயிற்று. காலியான பட்டத்துக்கு கிளாஸ்கோவும் சார்லஸ் மார்ட்டினும் மோதினார்கள். மூன்றாம் ரவுண்டில் கிளாஸ்கோவின் முழங்கால் பிசகியது. எதிரி கால் இடறியதால் மார்ட்டின் உலகச் சாம்பியன் ஆனார். மூன்று மாதம் நிறைவதற்குள் ஆன்டனி ஜோஷுவா அவரை இரண்டாம் ரவுண்டில் படுக்கவைத்தார்.

இரண்டாவது, எல்லாரையும் வென்று நான்கு பட்டங்களையும் ஒரே தோளில் போட்டுக்கொள்வது. 2024 மே 18 அன்று ரியாத்தில் ஒலெக்சாண்டர் உசிக் இதைச் செய்தார். ஒன்பதாம் ரவுண்டில் ஃபியூரி ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குத் தள்ளாடியதை நான் தூக்கம் போன கண்ணோடு பார்த்தேன். 1999இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டில் ஒரே சாம்பியன் கிடைத்தார் என்று சந்தோஷப்பட்டு, போய்ப் படுத்தேன். அந்தச் சந்தோஷம் ஆறு வாரம்கூட நீடிக்கவில்லை. ஃபியூரியுடன் மறுமோதல் ஒப்பந்தமாகியிருக்க, டேனியல் டுபுவாவுடன்தான் மோத வேண்டும் என்றது ஐபிஎஃப். 2023இல் உசிக் நாக்அவுட் செய்து அனுப்பிய அதே டுபுவா! உசிக் பெல்ட்டை அன்பளிப்பாகவே விட்டுக்கொடுத்துவிட்டார். தன்னை வீழ்த்தியவரின் பட்டம் வீடு தேடி வந்த பாக்கியம் டுபுவாவுக்கு வாய்த்தது. 2025 ஜூலையில் உசிக் வெம்ப்ளி வரை போய், ஐந்தாம் ரவுண்டில் டுபுவாவை மறுபடி படுக்கவைத்து, தன் பொருளைத் தானே மீட்டுக்கொண்டார். அதற்கடுத்து டபிள்யூபிஓவின் முறை வந்தது. அந்த நவம்பரில் அந்தப் பட்டமும் கைவிட்டுப் போனது; ஃபேபியோ வார்ட்லி உட்கார்ந்த இடத்தில் சாம்பியன் ஆனார்.

இதில் தங்கள் மீது தவறு இருப்பதாக நான் சொல்லமாட்டேன். ஒருவரிடமே நான்கு பட்டமும் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு பட்டச் சண்டை நடக்கும். நால்வரிடம் பிரிந்து கிடந்தால் எட்டு நடக்கும். ஒவ்வொன்றிலும் வீரரின் சம்பளத்திலிருந்து தங்களுக்கு வழக்கமாக 3 சதவீதம். ஒன்றாய் இருந்தால் உண்டு வாழ்வு என்பது வீரர்களுக்கு, தங்களுக்கு அல்ல.

மூன்றாவது, கட்டணம் கட்டாமல் இருப்பது. 2025 செப்டம்பரில் டெரன்ஸ் கிராஃபோர்ட் இரண்டு எடைப் பிரிவு தாண்டிப் போய், லாஸ் வேகாஸில் கனெலோ அல்வாரெஸை வென்றார். நான்கு பட்ட காலத்தில் மூன்று எடைகளில் எல்லாப் பட்டங்களையும் சேர்த்த முதல் ஆண் வீரர் அவர்தான். டிசம்பரில் டபிள்யூபிசி தன் பட்டத்தைப் பறித்தது. கட்டணத்தை 0.6 சதவீதமாக, அதாவது 3 லட்சம் டாலராகக் குறைத்துக் கேட்டோம், அதையும் கட்டவில்லை என்பது தங்கள் தரப்பு. அதில் பெரும்பகுதி நலிந்த வீரர்களின் நிதிக்குப் போகும் என்றும் சொன்னீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் மூன்று மாதங்களுக்கு முன் ரிங்கில் நிரூபித்ததை ஒரு ரசீது ரத்து செய்யுமென்றால், வீரர் பயிற்சிக்கூடத்துக்குப் போவதைவிட வங்கிக்குப் போவதே மேல் அல்லவா? கிராஃபோர்ட் அந்த மாதமே ஓய்வை அறிவித்துவிட்டார், தோல்வியே இல்லாமல்.

நான்காவது, தூக்கி எறிவது. 1992 நவம்பரில் எவாண்டர் ஹோலிஃபீல்டை வென்ற ரிடிக் போ, லெனாக்ஸ் லூயிஸுடன் மோதச் சொன்ன டபிள்யூபிசியின் பெல்ட்டை லண்டனில் நிருபர்கள் முன் குப்பைத் தொட்டியில் போட்டார். லூயிஸுக்கு அஞ்சியே அப்படிச் செய்தார் என்று பேசியவர்கள் உண்டு. இருக்கலாம். இருந்தாலும், எந்தச் சபையும் வந்து பிடுங்குவதற்கு முன் வீரர் தன் கையாலேயே பட்டத்துக்கு ஓர் இடம் கண்டுபிடித்தது அரிதான காட்சி.

ஐந்தாவது, சும்மா இருப்பது. ஆராய்ந்த வரையில் மிகுந்த பலன் தருவது இதுதான். டாரின் மோரிஸ் என்ற வீரர் 2000இல் இறந்துபோனார். அதற்குப் பின்பு வந்த டபிள்யூபிஓ தரவரிசையில் அவர் முன்னேறி ஐந்தாம் இடம் பிடித்திருந்தார். வாழ்ந்துகொண்டிருந்த மற்ற வீரர்கள் அவரை முந்த முடியாமல் திணறினார்கள். தரவரிசைக்கும் கைப்பணத்துக்கும் முடிச்சு உண்டா என்று இங்கே கேட்பது மரியாதையாகாது. ஐபிஎஃப்பை நிறுவிய பாப் லீ, தரவரிசைக்குக் கைப்பணம் வாங்கியதாக வந்த வழக்கில் லஞ்சக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுபட்டார். பணமோசடி, வரி ஏய்ப்பு உள்ளிட்டவற்றுக்குத்தான் 22 மாதச் சிறை கிடைத்தது.

தாங்கள் நல்லதே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். 1982 நவம்பரில் ரே மன்சினியுடன் பதினான்காம் ரவுண்டு வரை போன கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாட்களில் உயிரிழந்தார். அதன் பிறகு பட்டச் சண்டைகளை 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைக்க முதலில் முன்வந்தது டபிள்யூபிசி. மற்றவர்களும் சில ஆண்டுகளில் வழிக்கு வந்தார்கள். பட்டத்தைவிடத் தலை பெரிது என்று தங்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. அதனால்தான் கேட்கிறேன்: 12 ரவுண்டு வாங்கிய தலைக்கு முதலில் வேண்டியது ஸ்கேன், பிறகு தூக்கம், பிறகு வீட்டுச் சாப்பாடு. எதிரியின் பெயர் போட்ட கடிதம் அந்த வரிசையில் எங்கே வருகிறது?

ஊர்க்காரன் என்ற முறையில் ஒன்று. 1980இல் அலி இங்கே வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். ராணுவ விவகாரத்தில் அலியிடம் பிடுங்கிய பட்டத்துக்கு டபிள்யூபிஏ ஒரு போட்டித்தொடர் நடத்தியதே, 1968இல் அதை வென்றவர் இந்த எல்லிஸ்தான். சென்னை வந்தபோது அலியிடம் எந்தச் சபையின் பட்டமும் இல்லை. ஆனால் கூட்டத்தில் யாருக்கும் சாம்பியன் யார் என்று சந்தேகம் வரவில்லை. தரவரிசைக் குழு கூடாமலே ஒரு நகரம் முழுக்க அந்த முடிவுக்கு வந்திருந்தது.

மேற்கண்ட காரணங்களை முன்னிட்டு, கீழ்க்காணும் கோரிக்கைகளைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.

1. சூப்பர் சாம்பியன், ரெகுலர் சாம்பியன், இடைக்காலச் சாம்பியன், வைரச் சாம்பியன், வெள்ளிச் சாம்பியன், ஃபிராஞ்சைஸ் சாம்பியன் என்று இதுவரை உருவாக்கியவற்றோடு, வென்றவருக்கு ஆறு மாதம் நிம்மதிச் சாம்பியன் என்றும் ஒரு பட்டம் வழங்க வேண்டும். 2017இல் மேவெதர், மெக்ரிகர் சண்டைக்கு முதலைத் தோலில் மூவாயிரத்துக்கு மேல் வைரம் பதித்துப் பெல்ட் செய்த கைகளுக்கு இது சிரமமாக இருக்காது.

2. சாம்பியன் அடுத்து மோதியே ஆக வேண்டிய கட்டாயச் சவாலாளர் யார் என்பதை நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே பெயராகச் சொல்ல வேண்டும்.

3. ரிங்கில் தோற்காதவரிடமிருந்து பட்டம் போகக் கூடாது. அவர் காயத்தாலோ விருப்பத்தாலோ விலகினால், அடுத்த சாம்பியனை ரிங்தான் சொல்ல வேண்டும், தபால் அல்ல.

மூன்றாவது கோரிக்கையை ஏற்றால் ஓர் உலகச் சாம்பியனே மிஞ்சுவார் என்பதும், அப்போது தங்களில் மூவருக்கு வேலை இருக்காது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த மூவர் யார் என்பதைக் கமிட்டி போட்டு முடிவு செய்ய வேண்டாம். நால்வரும் கையுறை மாட்டிக்கொண்டு இறங்குங்கள். 12 ரவுண்டு, நடுவர்கள் எங்கள் பொறுப்பு. கடைசியில் நிற்கும் தலைவர் பெருமகனார் மூச்சு வாங்குவதற்குள் மைக்கை நீட்டி, அவர் அடுத்து யாருடன் மோத வேண்டும் என்பதை நாங்களே அறிவிப்போம். கட்டணம் 3 சதவீதம், முன்பணமாக.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு ரசிகன்.

நகல்: இன்று இரவு பட்டம் வெல்லப்போகும் வீரருக்கு, தகவலுக்காக.