கரண்டியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி – பதில்

(பழைய மேசைக் கரண்டியை வளைத்து மோதிரம் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த வாரம் இடம். சினிமாக் கேள்விகள் வரிசையில் நிற்கின்றன, நிற்கட்டும்.)

எங்கள் தாத்தா தோட்டத்தில் துரை பங்களாவில் சமையல்காரர். துரை ஊருக்குத் திரும்பும்போது கொடுத்த ஆறு கரண்டிகள் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. வெள்ளிதானே? மோதிரமாக வளைத்துவிடலாமா?
– வாசகர், சுங்கை காடுட்

வளைப்பதற்கு முன் திருப்புங்கள். காம்பின் பின்பக்கத்தில் ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் அது ஸ்டெர்லிங் வெள்ளி. ஆயிரம் பங்கில் 925 வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சிங்கத்துக்குப் பக்கத்தில் சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில் சோதித்தது, நங்கூரம் என்றால் பர்மிங்காம், கிரீடம் என்றால் ஷெஃபீல்டு. ஷெஃபீல்டு 1975 முதல் கிரீடத்தை விட்டு ரோஜாவுக்கு மாறிவிட்டது.

சிங்கம் இல்லாமல் ‘இ.பி.என்.எஸ்.’ என்ற நாலு ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள். உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. மேலே மட்டும் வெள்ளிப் பூச்சு. மின்சாரத்தால் பூசும் இந்த வித்தைக்குப் பர்மிங்காம் எல்கிங்டன் கம்பெனியார் 1840இல் காப்புரிமை வாங்கினார்கள். பங்களாவில் இருந்ததாலேயே ஒரு கரண்டி வெள்ளியாகிவிடாது. துரைகளும் செலவுக் கணக்குப் பார்த்தவர்கள்தான்.

முத்திரை தேய்ந்துபோயிருக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அப்படியானால் வெள்ளிதானே?
– வாசகி, மம்பாவ்

காந்தம் ஒட்டினால் வெள்ளி இல்லை என்று சொல்லலாம். ஒட்டாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. இ.பி.என்.எஸ். கரண்டியிலும் ஒட்டாது, நல்ல எவர்சில்வரிலும் ஒட்டாது. சிரம்பானில் நகை செய்யும் பத்தரிடம் கொண்டுபோங்கள். உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, ஒரு சொட்டு திராவகம் விட்டு, நீங்கள் தேநீரை ஆற்றி முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். பூச்சு வேலை என்றால் அரத்தால் லேசாகத் தேய்த்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். திராவகத்தை வீட்டில் வாங்கி வைத்துச் சோதனை செய்யாதீர்கள். விரலே இல்லாமல் மோதிரம் எதற்கு?

வளைப்பதற்கென்று தனிக் கருவி விற்கிறார்களாமே! வீட்டுச் சுத்தியல் போதாதா?
– வாசகர், செனவாங்

வளையும். கூடவே காம்பில் இருக்கும் பூவும் கொடியும் சப்பையாகும். அந்தக் கருவியில் மோதிர அளவுக்கு ஓர் இரும்பு உருளை. அதற்கு எதிரே குழிந்த நைலான் கட்டை. காம்பை இடையில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால், கீறல் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருளும். முதலில் இரண்டு முனைகளையும் வளையுங்கள், நடுப்பகுதியைக் கடைசியில். நடுவை முந்தி வளைத்துவிட்டால் முனைகள் கொம்பு மாதிரி வெளியே நிற்கும். பிடிக்கவும் இடம் இருக்காது.

கருவி வாங்கக் காசில்லை என்றால் கூம்பிய இரும்புக் கம்பும் கொட்டாப்புளியும் போதும். மரத்தால் அடித்தால் பூ பிழைக்கும். வளைப்பதற்கு முன்பே வெட்டிய முனையை அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். வளைத்த பிறகு உள்பக்கம் அரம் போகாது.

என் விரலுக்கு எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும்? ஒரு கரண்டியைக் கெடுத்துவிட்டேன்.
– வாசகர், ரந்தாவ்

மோதிரத்தின் உள்விட்டத்தோடு காம்பின் தடிப்பைக் கூட்டுங்கள்; வந்ததை 3.14ஆல் பெருக்குங்கள். உள்விட்டம் 18 மில்லிமீட்டர், தடிப்பு 2 என்றால் 20 × 3.14, ஏறத்தாழ 63 மில்லிமீட்டர். தடிப்பைக் கூட்ட மறந்தவர்களுக்கு 56.5தான் கிடைக்கும். அது சுண்டுவிரலுக்குப் போகும். முனை மேல் முனை ஏறிச் சுற்ற வேண்டுமானால் அந்த ஏற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரலைக் காலையில் அளக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் சாயங்காலத்துக்குள் விரல் வீங்கிவிடும். அகலமான மோதிரத்துக்குக் கொஞ்சம் தளர்வாகவே வெட்டுங்கள்.

காம்பு முரண்டு பிடிக்கிறது. நெருப்பில் காட்டலாமா?
– வாசகர், பாரோய்

சிங்கம் இருந்தால் காட்டலாம். மங்கிய வெளிச்சத்தில் லேசாகச் சிவக்கும்வரை, சுமார் 650 டிகிரி. சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் போடுங்கள். வெட்டுக்கத்தி எஃகு இந்த வைத்தியத்தில் இறுகும்; வெள்ளி இதிலேயே இளகும். 800ஐத் தாண்டவிட்டால் காம்பு சொட்டத் தொடங்கும். வெளியே எடுத்ததும் கறுத்திருக்கிறதே என்று பதறாதீர்கள். அது செம்பின் வேலை. பத்தர்கள் புளித் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுப்பார்கள். குழம்புக்கு அதே தண்ணீரை எடுத்துவிடாதீர்கள்.

பூச்சுக் கரண்டியை நெருப்பில் காட்டவே கூடாது. பூச்சு பாழாகும். அதைக் குளிர்ந்த நிலையிலேயே பொறுமையாக வளைக்க வேண்டும்.

பூச்சுக் கரண்டி மோதிரத்தைப் போட்டதும் விரல் பச்சையாகிவிட்டது, அரிக்கவும் செய்கிறது. யாராவது செய்வினை வைத்திருப்பார்களா?
– வாசகி, லாபு

செம்பும் நிக்கலும் சேர்ந்து வைத்த வினை. உள்பக்கப் பூச்சு தேய்ந்ததும் செம்பு வியர்வையோடு கலந்து பச்சை பூசும்; அதைச் சோப்புப் போட்டால் போய்விடும். அரிப்பு நிக்கலால் வருவது. அது சோப்புக்கு அடங்காது, மோதிரத்தைக் கழற்றத்தான் வேண்டும். கவரிங் தோடு போட்டாலே காது புண்ணாகும் ஆளா நீங்கள்? அப்படியானால் சிங்கம் உள்ள கரண்டியை மட்டும் தேடுங்கள்.

கத்திகளும் இருக்கின்றன. அவற்றின் பிடியிலும் அழகான வேலைப்பாடு. வளைக்கலாமா?
– வாசகர், சிரம்பான்

வேண்டாம். பழைய வெள்ளிக் கத்திகளில் பெரும்பாலும் பிடி உள்ளே பொள்ளல். மெல்லிய தகட்டுக்குள் கீல், பிசின் போன்றவற்றை அடைத்து எஃகு அலகைச் செருகியிருப்பார்கள். வளைத்தால் நசுங்கும், நெருப்பில் காட்டினால் அடைப்பு கொதித்து வெடித்துச் சிதறும்.

பியூட்டர் கரண்டி ஒன்று இருக்கிறது. அதுவும் வெள்ளிபோலத்தானே மின்னுகிறது?
– வாசகர், நீலாய்

மின்னும். ஆனால் அது ஈய வம்சம். பியூட்டரில் பெரும்பங்கு வெள்ளீயம். சீனத்துச் சாந்தோவிலிருந்து வந்த யோங் கூன் 1885இல் கோலாலம்பூரில் தொடங்கிய பட்டறைதான் இன்றைய ராயல் சிலாங்கூர். இந்த மண் தோண்டிக் கொடுத்த ஈயம் அது. கையாலேயே வளைந்துவிடும் மென்மை. அதனால் மோதிரமானால் சீக்கிரம் கோணிவிடும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், ஆகவே நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மிகப் பழைய பியூட்டரில் காரீயமும் கலந்திருக்கலாம். அதை விரலில் போடாமல் அலமாரியில் வையுங்கள்.

பாட்டியிடம் எட்வர்ட் மன்னர் தலை போட்ட பழைய டாலர் காசு இருக்கிறது. அதில் மோதிரம் செய்யலாமா?
– வாசகி, சுங்கை காடுட்

கை நடுங்கட்டும், அம்மா. 1903இல் வந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரில் 90 சதவீதம் வெள்ளி, எடை சுமார் 27 கிராம். 1907இல் எடையை 20 கிராமாகக் குறைத்தார்கள். 1919இல் ஜார்ஜ் மன்னர் தலையோடு வந்த டாலரில் வெள்ளி பாதிதான். மன்னர் மாற மாற வெள்ளியும் மெலிந்தது.

1920களின் கடைசியில் தோட்டத்தில் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு டாலருக்குப் பாட்டியின் தலைமுறைப் பெண்கள் இரண்டரை நாள் பால் வெட்டினார்கள். அதை ஓட்டை போட்டுத்தான் விரலில் மாட்ட வேண்டுமா? அந்தக் காலத்தில் கொக்கி வைத்துக் காசுமாலையில் கோத்தார்கள். காசு முழுசாக இருந்தால்தான் சேகரிப்பவரிடமும் விலை.

கரண்டிகளைத் துடைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தேன். கட்டிய இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு!
– வாசகர், போர்ட்டிக்சன்

ரப்பரை இறுக்க அதில் கந்தகம் சேர்ப்பார்கள். வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஆகாது, சந்தித்தால் கறுப்புதான். ரப்பர் மாநிலத்தில் பிறந்துவிட்டு இது தெரியாமல் இருக்கலாமா? அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் கரண்டியை அதன்மேல் படும்படி வைத்து, சமையல் சோடாவும் கொதிநீரும் ஊற்றுங்கள். கறுப்பு பெரும்பாலும் இறங்கிவிடும். இனிமேல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

கரண்டியை மோதிரமாக்குவது வெள்ளைக்காரப் பைத்தியம். நமக்கு எதற்கு?
– வாசகர், தம்பின்

உங்கள் வீட்டு அம்மாவின் காலைப் பாருங்கள். மெட்டி என்ன? இரண்டு முனையும் ஒட்டாமல், விரலுக்குத் தக்கபடி இறுக்கவும் தளர்த்தவும் வளைத்த வெள்ளிப் பட்டை. கரண்டி மோதிரத்தின் அமைப்பும் அச்சாக அதுதான். சென்னை மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் கடை, நம் சாமி உருவங்களைப் பொறித்த வெள்ளித் தேநீர்ச் சாமான்களை வெள்ளைக்காரர்களுக்கு விற்றது. பொறித்த கைகள் நம் ஆசாரிகளுடையவை. துரை குடித்துப் பார்த்துவிட்டு அழகு என்றார். நாமோ துரை சொன்ன பிறகு அழகு என்கிறோம்.

செய்த மோதிரங்களைப் பசார் மாலாமில் விற்கலாம் என்றிருக்கிறேன். ‘வெள்ளி மோதிரம்’ என்று பலகை வைக்கலாமா?
– வாசகர், செனவாங்

சிங்கம் இருந்தால் வையுங்கள். முத்திரை உள்பக்கம் தெரியும்படி வெட்டினால் பலகைக்கு அதுவே சாட்சி. பூச்சு என்றால் ‘கரண்டி மோதிரம், வெள்ளிப் பூச்சு’ என்று எழுதுங்கள். வேலைப்பாட்டுக்காக வாங்குபவர் அப்போதும் வாங்குவார். பொய் சொல்லி விற்றால், ஆறு மாதத்தில் பூச்சு தேய்ந்து அவர் விரலே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

நிச்சயதார்த்தத்துக்குக் கரண்டி மோதிரம் போடலாமா?
– மாப்பிள்ளை, பாரோய்

தாராளமாக. சமையல் யார் செய்வது என்பதை அதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

ஆறு கரண்டி, ஏழு பேரப்பிள்ளைகள். எப்படிப் பங்கு வைப்பது?
– மூத்த பேரன், சுங்கை காடுட்

காம்பில் ஆறு மோதிரம் வந்தால் வாய் ஆறு மிஞ்சும். ஒரு வாயில் வளையம் பற்றவைத்தால் பதக்கம். ஏழாவது ஆளுக்கு அது. மிச்சம் ஐந்து வாய் இருக்கும். குடும்பத்தில் சண்டை வந்தால் அதைவிட அதிக வாய் திறக்கும், ஆகவே மூத்தவர் முதலில் பதக்கத்தை எடுத்துக்கொண்டு மோதிரங்களைத் தம்பி தங்கைகளுக்கு விட்டுவிடுங்கள்.